வீட்டு மரத்தை யாரிடம் ஒப்படைப்பது?

ஆவணி, புரட்டாசி மாதங்களில் தமிழ்நாட்டு நகரங்களில் மெஷின் ரம்பத்தின் சத்தம் கூடிவிடும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குள் வாசல் வேம்பையும் கொல்லை மாமரத்தையும் கழித்துவிட வேண்டும் என்ற அவசரம் வீடுகளைப் பிடித்துக்கொள்ளும். அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஒரே நாளில் தெருத்தெருவாக மரங்கள் சாய்ந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளை வரிசை வரிசையாகப் படுக்கவைத்தது. அவற்றைப் பார்த்தவர்களால் தங்கள் வீட்டுக் கூரைமேல் கவிந்திருக்கும் கிளையை நிம்மதியாக அண்ணாந்து பார்க்க முடியாது. ஆகவே தெருமுனையில் கிடைக்கிற ஆளைக் கூப்பிடுகிறோம். என்ன கூலி, எப்போது முடியும், தழையையும் குப்பையையும் நீங்களே அள்ளிக்கொண்டு போய்விடுவீர்களா என்று கேட்கிறோம். எந்தக் கிளையை வெட்டப்போகிறீர்கள், அதை எந்த இடத்தில் வெட்டுவீர்கள், ஏன் என்று கேட்பதில்லை. முப்பது நாற்பது ஆண்டு வளர்ந்த ஒரு மரத்தின் மிச்ச ஆயுள் நாம் கேட்காமல் விட்ட இந்தக் கேள்விகளில்தான் அடங்கியிருக்கிறது.

மரத்தில் ஏறி, கீழே இருக்கும் ஓட்டுக்கும் ஆளுக்கும் சேதமில்லாமல் கிளையை இறக்குவது ஒரு திறமை. அந்த மரத்துக்கு என்ன ஆகியிருக்கிறது, எதை வெட்டலாம், எதைத் தொடக்கூடாது என்று அறிவது வேறொரு திறமை. இரண்டும் ஒரே ஆளிடம் அமைவதுண்டு, ஆனால் அபூர்வம். இதில் கூலி முறையும் குறுக்கே வருகிறது. நம் ஊர்களில் பெரும்பாலும் வெட்டிய விறகை வெட்டியவரே எடுத்துக்கொள்வார், அதற்கு ஈடாகக் கூலியைக் குறைத்துக்கொள்வார். அடிமரம் பருத்திருந்தால் நமக்கே பணம் கொடுத்து மரத்தை வாங்கிப் போகவும் ஆள் உண்டு. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் அவரிடம் போய், இந்த மரத்தை வெட்டத்தான் வேண்டுமா என்று கேட்பதில் பொருளில்லை. வேண்டாம் என்று சொன்னால் அன்றைய வருமானத்தை இழந்து அவர் திரும்பிப் போக வேண்டும். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் ஒருவருடைய பிழைப்பு எதைச் சார்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே அவருடைய கண்ணும் சாயும். எனவே வீட்டு மரத்துக்குச் சரியான ஆளைத் தேடுபவர் முதலில் யோசனையையும் வெட்டையும் பிரிக்க வேண்டும். மரத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு கட்டணம், சொன்னபடி வெட்டுவதற்கு ஒரு கூலி. இரண்டையும் ஒருவரே செய்தாலும்கூட, வெட்டாமல் போனாலும் அவருக்கு ஏதோ ஒன்று கிடைக்கிற மாதிரி ஏற்பாடு இருக்க வேண்டும்.

எங்கே வெட்டுவது என்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று தோன்றலாம். மரத்தின் உடல் நம் உடலைப் போல இயங்குவதில்லை என்பதை நினைத்துக்கொண்டால் அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது விளங்கும். நமக்குக் காயம் பட்டால் அந்த இடத்துத் தசை மறுபடி உருவாகிறது. மரத்தில் வெட்டுப்பட்ட பகுதி ஒருபோதும் புதுப்பிக்கப்படுவதில்லை. அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்குவாட்டில் அறுத்துப் பார்த்து இதை விளக்கினார். காயம்பட்டவுடன் மரம் அந்தப் பகுதியைச் சுற்றி வேதிப்பொருள்களாலும் புதிய மரத்திசுவாலும் தடுப்புகளை எழுப்பி, அழுகல் உள்ளே பரவாமல் அடைத்துவிடப் பார்க்கிறது. அடைபட்ட பகுதி அப்படியே உள்ளே இருக்கும், அதன்மேல் புது மரம் வளர்ந்து மூடும். தடுப்பு வலுவாக எழும்பினால் மரம் இன்னும் பல பத்தாண்டுகள் நிற்கும். எழும்பாவிட்டால் வெளியே பச்சைப்பசேலென்று இருக்கும்போதே உள்ளே பொந்து விழத் தொடங்கும். இந்தக் கருத்தை ஷைகோ 1970-களில் முழு வடிவில் முன்வைத்தார். அதன்பின் உலகின் பல நாடுகளில் கவாத்து முறையே மாறியது.

கிளை தாய்த்தண்டோடு சேரும் இடத்தில் சற்றே புடைத்த ஒரு தடிப்பு தெரியும். மரத்தின் தற்காப்பு மிக வலுவாக இருப்பது அங்கேதான். கிளையை அந்தத் தடிப்புக்குச் சற்று வெளியே வெட்டினால் காயம் சிறியதாக இருக்கும், சுற்றிலுமிருந்து பட்டை வளர்ந்து வட்டமாக மூடிவரும். 'சுத்தமாக இருக்கட்டும்' என்று தண்டோடு தண்டாக மழித்து வெட்டினால் தடிப்பும் சேர்ந்து போய்விடும், காயம் பெரிதாகி அழுகல் நேராகத் தாய்மரத்துக்குள் இறங்கும். அதற்கு மாறாக ஒரு முழம் கட்டையை நீட்டிக்கொண்டு விட்டால், அந்தக் கட்டை காய்ந்து மட்கிப் பூச்சிக்கும் காளானுக்கும் வாசலாகிறது. கனமான கிளையை ஒரே வெட்டில் மேலிருந்து அறுத்தால் அது முறிந்து விழும்போது பட்டையை அடிவரை உரித்துக்கொண்டு போகும். தொழில் தெரிந்தவர் முதலில் கிளையின் அடிப்பக்கத்தில் பாதிக்கும் குறைவாக அறுப்பார். பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துப் பாரத்தை இறக்குவார். கடைசியில் மிச்சக் கட்டையைத் தடிப்பை ஒட்டி எடுப்பார். வேலைக்கு வருகிறவரிடம் ஒரு கிளையைக் காட்டி, இதை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். மூன்று வெட்டையும் தடிப்பையும் அவர் தானாகச் சொன்னால் வேறு சான்றிதழ் கேட்கவே வேண்டியதில்லை. வெட்டுவாயில் தார் அல்லது பெயின்ட் பூசுவேன், பொந்துக்குள் சிமென்ட் அடைப்பேன் என்று ஆரம்பித்தால் யோசியுங்கள். பெயின்ட் அழுகலைத் தடுப்பதில்லை. சிமென்டோ காற்றில் மரம் அசையும்போது உடன் அசையாமல், ஈரத்தையும் உள்ளே தேக்கி வைக்கிறது. மா போன்ற பழமரங்களுக்கு வெட்டுவாயில் போர்டோ பசை தடவச் சொல்வது பூஞ்சணத்துக்கான மருந்து என்ற கணக்கில் வரும், அதையும் தாரையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது.

புயலுக்கு முன் மரத்தை மொட்டையடிப்பதுதான் நம் ஊரில் மிகப் பரவலான வேலை. மிகக் கெடுதலான வேலையும் அதுதான். உச்சியும் பெருங்கிளைகளும் நடுவில் துண்டிக்கப்பட்டு, கம்பங்கள் மட்டும் நிற்கும். இலையெல்லாம் போய்விட்டதால் மரம் தன் சேமிப்பைச் செலவழித்து அவசரமாகப் போத்துகளைத் தள்ளும். ஓரிரு ஆண்டில் மரம் முன்பைவிட அடர்ந்து தழைத்துவிடும். வீட்டார் அதைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள். ஆனால் இந்தப் போத்துகள் தண்டின் உட்பகுதியிலிருந்து வேரூன்றி வந்த கிளைகள் அல்ல, மேல் அடுக்கில் ஒட்டிக்கொண்டிருப்பவை. அவை நிற்கும் வெட்டுவாயோ உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். நான்கைந்து ஆண்டு கழித்து அவை பருத்துக் கனக்கும்போது வரும் காற்றில் எளிதாகப் பிய்ந்து விழும். அச்சத்தைப் போக்கச் செய்த வேலையே அடுத்த புயலுக்கு ஆபத்தைத் தயார் செய்து வைக்கிறது. மரத்தை வாழவைக்க நினைக்கும் ஒருவர், ஒரே ஆண்டில் மொத்த இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்க ஒப்பமாட்டார். பட்டுப்போன கிளை, உரசிக்கொள்ளும் கிளை, கவட்டையில் பட்டை மடிந்து பிளவுபடத் தயாராக இருக்கும் கிளை என்று பார்த்துப் பார்த்துக் குறைத்துக் காற்றுக்கு வழி விடுவார்.

உச்சி குறைந்தால் காற்று பிடிக்காது, மரம் சாயாது என்பது உண்மைதானே என்று கேட்கலாம். ஓரளவுக்கு உண்மை. ஆனால் நகரத்து மரங்கள் வேரோடு சாய்வதற்குக் காரணம் பல நேரம் தலைக்கனம் அல்ல, காலில் இருக்கும் ஊனம். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் ஏறக்குறைய இரண்டடி ஆழத்துக்குள் இருந்துகொண்டு, கிளைப் பரப்பையும் தாண்டிப் பக்கவாட்டில் ஓடுகிறது. மழைநீர் வடிகாலுக்கும் குடிநீர்க் குழாய்க்கும் காம்பவுண்டு சுவருக்கும் பள்ளம் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் முழுவதும் துண்டிக்கப்படுகிறது. மிச்சத்தைத் தூர்வரை போட்ட கான்கிரீட்டும் டைல்ஸும் மூச்சுத் திணறவைக்கின்றன. அந்த மரத்தை மொட்டையடித்தால், இழந்த வேரை மறுபடி வளர்க்க அதற்குத் தேவையான உணவைத் தயாரிக்கும் இலைகளையும் பறித்துவிடுகிறோம். ஆகவே உங்கள் மரத்தைப் பார்க்க வருபவர் முதலில் எங்கே பார்க்கிறார் என்று கவனியுங்கள். தூரைச் சுற்றி நடந்து, மண் வெடித்திருக்கிறதா, ஒரு பக்கம் தூக்கியிருக்கிறதா, அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பவர். அரிவாள் கைப்பிடியால் அடிமரத்தைத் தட்டி ஓசையைக் கேட்பவர். அண்மையில் இங்கே பள்ளம் தோண்டினார்களா என்று விசாரிப்பவர்: இவர்தான் உங்களுக்கு வேண்டியவர். வாசலில் நின்றபடியே மேலே பார்த்து விலை சொல்பவர் விறகைத்தான் அளக்கிறார்.

இன்னொரு மறுப்பும் வரும், அது வலுவானது. நம் முன்னோர்கள் காலங்காலமாகப் பூவரசையும் வேம்பையும் வெட்டித்தானே வந்தார்கள், அவை திரும்பத் திரும்பத் தழைக்கவில்லையா? வெட்டினார்கள்தான். ஆட்டுக்குத் தழைக்காகவும் வயலுக்குத் தழையுரமாகவும் வேலிக்குக் கம்பாகவும் வெட்டினார்கள். அந்த மரங்கள் பெரும்பாலும் இளவயதிலிருந்தே குட்டையாக வைக்கப்பட்டவை. வெட்டப்பட்ட கிளைகளும் கை கனத்துக்கு மேல் போகாத போத்துகள். ஓராண்டு ஈராண்டுக்கு ஒருமுறை அதே இடத்தில் வெட்டியதால் காயம் சிறியதாகவே இருந்தது, விழுந்தாலும் யார் தலையிலும் விழாத வரப்பிலும் வேலியிலும் மரம் நின்றது. அது தழை அறுவடை, அதற்கென்று ஓர் ஒழுங்கு இருந்தது. நாற்பதடி வளர்ந்த தூங்குமூஞ்சி மரத்தின் தொடை கனத்துக் கிளைகளைப் பத்தாண்டுக்கு ஒருமுறை வெட்டி, அதன் நிழலிலேயே காரையும் நிறுத்தி வைப்பது அந்த மரபில் சேராது.

இனி நோய் பார்க்கும் விஷயம். வெட்டுகிறவரின் கையிலிருந்து இது முழுக்க விலக வேண்டும். அண்மை ஆண்டுகளில் தெலங்கானாவிலும் தமிழ்நாட்டிலும் பனிக்காலத்தில் வேப்பமரங்கள் நுனியிலிருந்து கருகி, தீப்பட்டதைப் போல நின்றதைப் பலர் பார்த்திருப்பார்கள். தேயிலைக் கொசு என்று அழைக்கப்படும் நாவாய்ப்பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சுவதும், நுனிக்கருகலை உண்டாக்கும் ஒரு பூஞ்சணமும் இதற்குக் காரணங்கள். மரம் செத்துவிட்டது என்று நினைத்து வெட்டியவர்கள் உண்டு. பொறுத்திருந்தவர்களின் மரங்கள் பெரும்பாலும் வெயில் ஏறியதும் புதுத்தளிர் விட்டன. பட்டையை நகத்தால் மெல்லச் சுரண்டிப் பார்த்தாலே உள்ளே பச்சை இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இவ்வளவு சின்னச் சோதனைகூட இல்லாமல் வாழ்ந்த மரத்தை இறக்கிவிடுவது எவ்வளவு பெரிய இழப்பு! பொந்து விழுந்த மரமும் அப்படித்தான். வெளிச்சுவர் தடித்துத் திடமாக இருந்தால் பொந்தோடு நீண்ட காலம் நிற்கும் புளியமரங்களை நம் சாலையோரங்களில் பார்க்கிறோம். பொந்து இருக்கிறது என்பதைவிடச் சுவர் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே கேள்வி.

தென்னை தனி உலகம். அதற்கு மற்ற மரங்களின் விதி பொருந்தாது. தென்னைக்கு ஒரே ஒரு குருத்து, அது போனால் மரம் போனது. அதன் தண்டில் விழுந்த காயத்தைப் புதுப் பட்டை வந்து மூடுவதில்லை, ஏறுவதற்கு அரிவாளால் கொத்திய படி கடைசிவரை காயமாகவே இருக்கும். சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடி வருவது இப்படிப்பட்ட புதுக் காயங்களைத்தான். பச்சை மட்டையை வெட்டத்தான் வேண்டுமென்றால் தண்டிலிருந்து ஏறத்தாழ 120 செ.மீ. அடிமட்டையை விட்டு வெட்டச் சொல்வது இந்த வண்டு உள்ளே நுழையாமல் இருப்பதற்காகவே. ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை வருகிறது. சுத்தமாக இருக்கட்டும் என்று பச்சை மட்டைகளைக் கழித்துக் குடுமி மட்டும் விட்டுப்போகிறவர் வரப்போகும் காய்களையும் சேர்த்தே கழிக்கிறார். தண்டிலிருந்து செம்பழுப்பு நீர் வடிந்தால், துளையும் மென்று துப்பிய நாரும் அருகில் தெரிந்தால் கூன்வண்டாக இருக்கலாம். தூரை ஒட்டிய வெடிப்புகளிலிருந்து வடிந்து மேலே ஏறினால், 1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்தில் கண்டறியப்பட்டு அந்த ஊர்ப் பெயராலேயே அழைக்கப்படும் தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. காய் பறிக்க வருபவரில் இந்த வித்தியாசம் தெரிந்தவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். தென்னை வளர்ச்சி வாரியம் 2011-ல் தொடங்கிய 'தென்னை மரங்களின் நண்பர்கள்' திட்டம் இளைஞர்களுக்கு ஏறும் கருவியோடு மரப் பராமரிப்பையும் கற்றுக்கொடுத்தது. அப்படிப் பயிற்சி பெற்றவர்கள் உங்கள் பகுதியில் இருக்கிறார்களா என்று விசாரிப்பது பயன்தரும்.

அப்படியானால் மரம் அறிந்தவரை எங்கே தேடுவது? வீட்டில் ஒயரிங் செய்பவருக்கு அரசு வழங்கும் தகுதிச் சான்று உண்டு. மரத்தைத் தொடுகிறவருக்கு அப்படி ஒன்றும் இங்கே கிடையாது, ரம்பம் வைத்திருப்பவரெல்லாம் மர நிபுணர்தான். 1924-ல் அமெரிக்காவில் தொடங்கிய பன்னாட்டு மரப் பராமரிப்புச் சங்கம், மூன்றாண்டு அனுபவம் உள்ளவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. அந்தச் சான்று பெற்றவர்கள் இந்தியாவிலும் இருக்கிறார்கள், ஆனால் சிலரே. அவர்கள் கிடைக்காத ஊரில் கைவிரிக்க வேண்டியதில்லை. வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம், மாவட்டத்து வேளாண் அறிவியல் நிலையம், கோவையில் வேளாண் பல்கலைக்கழகம், அதே ஊரில் வன மரபியல் மற்றும் மரப் பெருக்க நிறுவனம், மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி என்று மக்கள் வரிப்பணத்தில் வளர்ந்த அறிவு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நோய்பட்ட இலை, பட்டைத்துண்டு, தூரின் புகைப்படம் ஆகியவற்றோடு போனால் பெரும்பாலும் செலவில்லாமலே பதில் கிடைக்கும். சென்னையில் கோட்டூர்புரம் மரப் பூங்காவை வளர்த்தெடுத்த 'நிழல்' போன்ற தன்னார்வ அமைப்புகளில் மரம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இந்த வாய்ப்புகளை வீட்டுக்காரர்கள் இவ்வளவு குறைவாகப் பயன்படுத்துவது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஏறுகிறவரின் உயிரும் நம் பொறுப்பில் வருகிறது. நம் ஊர் மரமேறிகளின் கைத்திறன் சாதாரணமானது அல்ல. ஒற்றைக் கயிற்றில் தொங்கியபடி கிளையைச் சுவர்மேல் படாமல் இறக்குபவர்கள் அவர்கள். அந்தத் திறமையை நம்பிப் பாதுகாப்பைக் கைவிடுவது அநியாயம். தலைக்கவசம், இடுப்புப் பட்டை, மரத்தில் கட்டிய தனிக் கயிறு, கீழே ஆள் நடமாட்டத்தைத் தடுக்க ஒருவர் என்று இவற்றோடு வருகிற குழுவுக்குக் கூலி கூடத்தான் இருக்கும். கொடுக்க வேண்டும். மின்கம்பிக்கு அருகில் கிளை இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும். பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்பவரை அனுமதிப்பவர் வீட்டுக்காரராக இருக்கத் தகுதியில்லாதவர். காலில் ஆணிப்பட்டை கட்டிக்கொண்டு குத்தி ஏறுவது, வெட்டி அகற்றப்போகும் மரத்துக்கு மட்டுமே சரி. வாழப்போகும் மரத்தில் அது ஒவ்வோர் அடிக்கும் ஒரு புண்.

இவ்வளவு பார்த்தால் செலவு கட்டுப்படியாகுமா என்ற கேள்வி நியாயமானது. ஒரு வேலைக்கான செலவை மட்டும் பார்த்தால் தெருமுனை ஆள் மலிவு. ஆனால் மொட்டையடித்த மரம் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி ஆள் கேட்கும், கடைசியில் அழுகி, அகற்றும் செலவையும் கேட்கும். சரியாகக் கவாத்து செய்த மரத்தைப் பல ஆண்டுகள் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். செலவைக் குறைக்க வழியும் இருக்கிறது. யோசனையை அரசு அலுவலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ பெற்றுக்கொண்டு, வெட்டுவதற்கு மட்டும் உள்ளூர் ஆளை வையுங்கள். எடுக்க வேண்டிய கிளைகளில் சுண்ணாம்பாலோ துணிக்கயிற்றாலோ அடையாளம் வைத்து, குறி இல்லாத எதையும் தொடக்கூடாது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். விறகு யாருக்கு என்பதைக் கூலியோடு கலக்காமல் தனியாகத் தீர்மானியுங்கள். முடிந்தால் விறகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அப்போது தடித்த கிளைமேல் யாருக்கும் ஆசை வராது. மாமரத்தைக் காய்ப்பு முடிந்து ஆகஸ்ட், செப்டம்பரில் கவாத்து செய்யுங்கள். பருவமழைக்கு முந்தைய நேரமும் அதுவே என்பது நல்ல பொருத்தம். பூ வைக்கும் மாதத்தில் ரம்பத்தோடு வருபவர் அந்த ஆண்டுப் பழத்தையும் சேர்த்து வெட்டுகிறார்.

எந்த மரத்தையும் வெட்டவே கூடாது என்று இங்கே வாதாடவில்லை. ஒரே மழையில் புதிதாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் தூக்கிக்கொண்டு நிற்கும் மரம் குடும்பத்தின் தலைமேல் நிற்கும் ஆபத்து. அதை அகற்றச் சொல்லும் துணிவும் மரம் அறிந்தவருக்கு இருக்க வேண்டும். அப்போதும் சட்டத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். வாசலுக்கு வெளியே தெருவோரத்தில் நிற்பது நீங்களே நட்டதாக இருந்தாலும் அது பொது மரம். அரசு நிலத்து மரங்களுக்கு 2021-ல் அமைக்கப்பட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும், உள்ளாட்சி அலுவலகத்தில் விண்ணப்பிக்கும் வழியைக் கேட்கலாம். சொந்த நிலத்திலேயே நின்றாலும் சந்தனத்துக்குத் தனி விதிகள் உண்டு. மலைப் பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அனுமதியெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் பணத்தை மட்டும் கொடுங்கள் என்று சொல்பவரிடம் அந்த அனுமதித் தாளைக் கையில் வாங்கிப் படித்த பிறகே ரம்பத்தை எடுக்க விடுங்கள். அகற்றியபின் தூரையும் வேரையும் தோண்டுவது அவர் வேலையா, அந்தக் குழியில் அடுத்து எந்த மரம் நிற்கப்போகிறது, அதற்குச் சுவரிலிருந்து எவ்வளவு தூரம் விட வேண்டும் என்பதையும் அன்றைக்கே அவரிடம் கேட்டுவிடலாம்.